இஞ்சு டேப்பும் சில கோப்புகளும்

"திறமைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது." மார்ச் 8 வந்துவிட்டால் தமிழ்நாட்டுக் கல்லூரி மேடைகளில் இந்த வாக்கியம் கேட்காமல் போகாது. சொல்பவர் பெரும்பாலும் ஆண். முதல்வராக இருப்பார், பதிவாளராக இருப்பார், யாரோ ஒரு சிறப்பு விருந்தினராக இருப்பார். கீழே ஒரே நிறப் புடவையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். அவர்களுக்கு அன்று காலை கோலப்போட்டி நடந்திருக்கும். மதியத்துக்கு மேல் நெருப்பில்லாச் சமையல் இருக்கிறது. பேதம் கிடையாது என்று சொன்னவர் சால்வையை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார்.

எனக்கு அந்த வாக்கியத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது. பேதம் கிடையாது என்பது ஒரு கருத்து என்றால் விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் அதை ஓர் உண்மைத் தகவலாகச் சொல்கிறார்கள். தகவல் என்றால் அதற்குச் சான்று வேண்டும். அறிவியல் துறைகளில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சான்று அவர்கள் அலுவலகத்திலேயே, பதிவாளர் அறைக்குப் பக்கத்து அறையில் இரும்பு பீரோவில் இருக்கிறது. அதைத் திறக்கச் சொன்னால் மட்டும் யாருக்கும் சாவி எங்கே என்று தெரிவதில்லை.

தமிழ் படித்தவளுக்கு இயற்பியல் துறையிலும் வேதியியல் துறையிலும் என்ன வேலை என்று கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். பதில் எளிது. என் ஆய்வுக்குத் தேவையானவை புத்தகம், தாள், கொஞ்சம் தனிமை. நிறுவனம் எனக்கு ஒன்றுமே தராவிட்டாலும், குழந்தை தூங்கியபிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நான் எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறேன். வேதியியல் படித்தவள் அப்படிச் செய்ய முடியாது. என்.எம்.ஆர். கருவியை வீட்டுக்குத் தூக்கிவர முடியாது. அவளுக்கு இடம் வேண்டும், கருவி வேண்டும், நிதி வேண்டும், கூட வேலை செய்ய ஆய்வு மாணவர்கள் வேண்டும். இவை நான்கையும் கொடுப்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் கையில். ஆகவே அங்கே நடக்கும் அநீதியைச் சதுர அடியில் அளக்கலாம், ரூபாயில் எண்ணலாம், நாட்காட்டியில் தேதி போட்டுக் காட்டலாம். எங்கள் துறைகளில் நடப்பதைப் பார்வை, தொனி, சிரிப்பு என்று விவரித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அறிவியல் துறைப் பெண்களிடம் அளவு இருக்கிறது. அதனால்தான் அவர்கள் பக்கம் வந்து நிற்கிறேன்.

அளந்து காட்டிய ஒருத்தியின் கதை அமெரிக்காவில் இருக்கிறது. நான்சி ஹாப்கின்ஸ் உயிரியலாளர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், எம்.ஐ.டி. என்று நம் பிள்ளைகள் கனவு காணும் அதே இடத்தில், பேராசிரியர். வரிக்குதிரை மீன்களை வைத்து ஆய்வு செய்ய அவருக்குக் கூடுதலாக இருநூறு சதுர அடி தேவைப்பட்டது. மீன்தொட்டி வைக்க இடம். கேட்டார், கிடைக்கவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே மற்றவர்கள் அளவுக்கு இருக்கிறதே என்றார்கள். ஹாப்கின்ஸ் ஓர் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு, எல்லோரும் போனபிறகு இரவில் ஒவ்வோர் ஆய்வகமாகப் போய் அளந்தார். அவருக்கு 1500 சதுர அடி. மூத்த ஆண் பேராசிரியர்களுக்குச் சராசரியாக 3000. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஆண்களுக்குக்கூட அவரைவிட அதிகம்.

அதன்பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். தன் குறையை மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1994இல் அங்கே அறிவியல் புலம் முழுவதிலும் நிரந்தரப் பணியில் இருந்த பெண்கள் 15 பேர். ஆண்கள் ஏறத்தாழ 200. பெண்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். அவரவர் தனக்கு மட்டும்தான் இப்படி, தன் குணத்தில்தான் ஏதோ கோளாறு என்று வருடக்கணக்காக எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் கையெழுத்திட்டார்கள். புலத்தலைவர் ராபர்ட் பர்ஜெனோ குழு அமைத்தார். இடம், சம்பளம், உள்நிதி, எந்தக் குழுவில் யாருக்கு இடம் என்று எல்லாம் கணக்கெடுக்கப்பட்டு 1999இல் அறிக்கை வெளியானது. நிறுவனத்தின் தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட், பாகுபாடு என்பதில் பாதி உண்மையும் பாதி மனப்பிரமையும் என்று தான் நினைத்திருந்ததாகவும் உண்மையின் பங்குதான் மிகப் பெரிது என்று இப்போது புரிவதாகவும் முன்குறிப்பில் எழுதினார். ஒரு நிறுவனத் தலைவர் அப்படி எழுதிக் கையெழுத்திட்டதை நம் ஊர் ஆட்சிக்குழுக் கூட்டங்களில் கற்பனை செய்து பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

அந்த அறிக்கையில் என்னை மிகவும் தொந்தரவு செய்த பகுதி வேறு. இளம் பெண் ஆசிரியர்கள் தங்களுக்குப் பாகுபாடு எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். அதெல்லாம் போன தலைமுறையோடு முடிந்துவிட்டது என்று நம்பினார்கள். மூத்தவர்களும் தங்கள் இளமையில் அதையேதான் நம்பியிருந்தார்கள். நான் பார்க்கும் இளம் உதவிப் பேராசிரியைகள், "அப்படியெல்லாம் இப்ப இல்ல மேடம், எங்க ஹெச்.ஓ.டி. ரொம்ப நல்லவர்" என்று சொல்லும்போது எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வருகிறது. நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய நல்ல குணத்தின்மேல் ஏன் உன் பதவி உயர்வு தொங்க வேண்டும்?

ஆண்டு 1997. இடம் சுவீடன். சமத்துவத்துக்குப் பெயர்போன நாடு. அங்கே மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆய்வு நிதி வழங்குகிறது. 1995இல் 114 பேர் விண்ணப்பித்தார்கள்; அவர்களில் 52 பேர் பெண்கள். நிதி கிடைத்த 20 பேரில் பெண்கள் நான்கு பேர். கிறிஸ்டீன் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்டார்கள். அது இரகசியம் என்றார்கள். இவர்கள் நீதிமன்றம் போனார்கள். பொது ஆவணங்களை யாரும் பார்க்கலாம் என்ற சட்டம் அந்த நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. பட்டியல் கைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணை வாங்க ஒரு பெண் அவனைவிட இரண்டரை மடங்கு அதிகமாகச் சாதித்திருக்க வேண்டியிருந்தது. 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. இன்னொன்றும் தெரிந்தது: மதிப்பீட்டாளர் குழுவில் தெரிந்தவர் இருந்தால் மதிப்பெண் ஏறியது. ஆணாகப் பிறப்பதும் ஆள் தெரிந்திருப்பதும் ஏறக்குறைய ஒரே எடை. (இதை வாசித்துவிட்டு நம்மூர் நேர்முகத் தேர்வுகளை நினைத்துச் சிரித்தால் நான் பொறுப்பில்லை.)

இரண்டு கதையிலும் யாரும் யாருடைய மனத்தையும் மாற்ற முயலவில்லை. ஒருத்தி டேப்பை எடுத்தாள். இருவர் கோப்பைக் கேட்டார்கள்.

இங்கே வருகிறேன். இந்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் அறிவியல் படிப்புகளில் இருந்த மாணவர்கள் 57.2 இலட்சம். அவர்களில் பெண்கள் 29.8 இலட்சம். பெண்கள்தான் பெரும்பான்மை. எல்லாத் துறைகளையும் சேர்த்து உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் 43 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த எண்ணையும் கேளுங்கள். நாட்டின் நூறையொட்டிய பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளின் ஆசிரியர்களை 'பயஸ்வாட்ச் இந்தியா' என்ற பெயரில் இயங்கும் பெண் விஞ்ஞானிகள் இணையதளப் பட்டியல்களிலிருந்து எண்ணினார்கள். பெண்கள் சுமார் 17 விழுக்காடு. பாதிக்கு மேல் இருந்தவர்கள் ஆறில் ஒருவராகச் சுருங்கும் இடம் எது? அதைக் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: பொறுங்கள், இப்போதுதானே வரத் தொடங்கியிருக்கிறார்கள், படிப்படியாக மேலே வருவார்கள்.

எத்தனை நாள் பொறுப்பது? 1933இல் கமலா சோஹனி பம்பாயில் முதல் மாணவியாகத் தேறி, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் சி.வி. ராமன் பெண் என்பதால் மறுத்தார். கமலா காந்தி காலத்துப் பெண். போய்ச் சத்தியாக்கிரகம் செய்தார். நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஓராண்டு தகுதிகாண் பருவம். இயக்குநருக்குத் திருப்தி வந்தால்தான் வேலை அங்கீகரிக்கப்படும். ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. ஆண்களுக்குக் கவனம் கலைந்தால் அதற்கும் அவள் பொறுப்பு! கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் உதவி இயக்குநரானார். அதற்கு மேல் அங்கே அவருக்கு வழி இல்லை என்று ஆனதால் விலகினார். பிறகு பம்பாயில் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவி அவருக்கு வர வேண்டிய காலத்தில் வரவில்லை. உள் அரசியலில் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. உள்ளே நுழையும் கதவைச் சத்தியாக்கிரகத்தால் திறந்த பெண்ணை மாடிப்படியில் நிறுத்திவிட்டார்கள். நாம் எப்போதும் அந்தக் கதவின் கதையைத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மாடிப்படியின் கதையைச் சொல்வதில்லை.

அன்னா மாணி இன்னும் நெருக்கமானவர். பீர்மேட்டில் பிறந்து சென்னையில் படித்தவர். 1940இல் ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வைரம், மாணிக்கம் இவற்றின் ஒளிர்வைப் படம்பிடிக்க ஒரு தகட்டுக்குப் பதினைந்து இருபது மணிநேரம் ஒளி காட்ட வேண்டியிருந்த காலம். இராத்திரி முழுக்க ஆய்வகத்தில் கிடந்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்தது பல்கலைக்கழகம். செய்த வேலை கண்முன்னே இருந்தது. இல்லாத காகிதம்தான் பெரிதாகத் தெரிந்தது. கடைசிவரை அவர் முனைவர் மாணி ஆகவில்லை. இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். ராமன் ஆய்வகத்துப் பெண்களைப் பற்றியும் அங்கே சாதி எப்படி வேலை செய்தது என்பதைப் பற்றியும் அபா சூர் விரிவாக எழுதியிருக்கிறார். வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பாடமாக இருக்க வேண்டும். வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கே இல்லை.

அடுத்த பதில் குடும்பம். பெண்கள் கல்யாணம் ஆனதும் போய்விடுகிறார்கள், பிள்ளை பெற்றதும் போய்விடுகிறார்கள், நாங்கள் என்ன செய்வது? 2010இல் இந்திய அறிவியல் கழகமும் பெங்களூர் தேசிய உயராய்வு நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. முனைவர் பட்டம் வாங்கிய பெண்களிடமும் ஆண்களிடமும் கேட்டு எழுதியது. எழுதியவர்களில் ரோகிணி கோட்போலே ஒருவர். பெண்கள் ஏன் ஆய்வை விட்டார்கள் என்று ஆண்களைக் கேட்டால் குடும்பம் என்றார்கள். விட்டுப்போன பெண்களைக் கேட்டால் வேலை கிடைக்கவில்லை என்றார்கள். இன்னொரு கணக்கும் அதில் உண்டு. ஆய்வில் நீடித்த பெண்களில் சுமார் 14 விழுக்காட்டினர் திருமணமே செய்துகொள்ளவில்லை. ஆண்களில் அது 2.5 விழுக்காடு. ஆணுக்குக் குடும்பம் முதுகுக்குப் பின்னால் சாய்ந்துகொள்ளும் சுவர். பெண் அதே சுவரை ஏறிக் குதித்து வர வேண்டும், அல்லது கட்டாமலே இருக்க வேண்டும்.

குடும்பம் இடைஞ்சல் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. என் அத்தை வீட்டுக்கு வந்தால் இட்லிக்கு அரைப்பது யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் குடும்பம் செய்யும் இடைஞ்சலை விதியாக எழுதி, முத்திரை குத்தி, பணிப்பதிவேட்டில் ஏற்றுவது நிறுவனம். எப்படி என்று பதவி உயர்வு விதிகளைப் பார்த்தால் தெரியும்.

யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்தோடு சேரும் உதவிப் பேராசிரியர் முதல் நிலையைத் தாண்ட நான்கு ஆண்டுகள், அடுத்ததற்கு ஐந்து, பிறகு மூன்று ஆண்டுகளில் இணைப் பேராசிரியர், இன்னும் மூன்று ஆண்டுகளில் பேராசிரியர். தாளில் பதினைந்து ஆண்டுகள். இடையிடையே புத்தொளிப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும். மூன்று வாரம், நான்கு வாரம், வேறு ஊர், விடுதியில் தங்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அடுத்த வருடம் போகலாம் என்று தள்ளுவாள். பயிற்சி முடித்த தேதியிலிருந்துதான் உயர்வு கணக்காகும் என்றால் அந்த ஒரு வருடம் அவள் சம்பளத்திலும் பணிமூப்பிலும் கடைசிவரை கூடவே வரும். கூடச் சேர்ந்தவன் துறைத்தலைவர் ஆவான், இவள் அவனிடம் விடுப்புக் கடிதம் கொடுப்பாள். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பயிற்சிகள் இணையவழியில் நடந்தன. வானம் இடிந்து விழவில்லை. அப்படியானால் அத்தனை ஆண்டுகளாக ஊர்விட்டு ஊர் போகவைத்தது எதற்காக?

பேராசிரியராக வேண்டுமென்றால் பத்துக் கட்டுரைகள் வேண்டும், முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியிருக்க வேண்டும். நியாயமான விதிபோலத் தெரிகிறது. கட்டுரை எழுதக் கருவி வேண்டும், நிதி வேண்டும். வழிகாட்ட மாணவர் வேண்டும். உதவித்தொகையோடு வரும் மாணவரை எந்த நெறியாளருக்கு ஒதுக்குவது என்று துறையில் யார் முடிவு செய்கிறார்? புதுக் கருவி வந்தால் அது யார் அறையில் இறங்குகிறது? விதி புத்தகத்தில் சமமாக இருக்கிறது, பொருள் அறையில் சமமாக இல்லை. பிறகு திறமைக்குப் பேதம் இல்லை என்று மேடையில் பேசலாம்.

இதில் இராத்திரி ஒரு தனி விஷயம். பல்கலைக்கழகத்தில் பெரிய கருவிகள் பகலில் ஓய்வே இல்லாமல் ஓடும். ஆய்வு மாணவர்களுக்கு நேரம் கிடைப்பது மாலைக்கு மேல்தான். பெண்கள் விடுதி ஆறரைக்கோ ஏழுக்கோ பூட்டப்படும். அதற்கு மேல் தங்க நெறியாளர் கடிதம், காப்பாளர் கையெழுத்து, வீட்டிலிருந்து அப்பா ஃபோனில் சம்மதம். முப்பது வயதுக்காரிக்கு! பையன்கள் லேபிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள், அதை அர்ப்பணிப்பு என்று சொல்கிறோம். ஐந்து வருடம் கழித்து இருவருடைய கட்டுரைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பையன் முந்திவிட்டான் பார் என்கிறோம். 1940களில் அன்னா மாணி இரவில் வேலை செய்தார். அவருடைய பேத்தி வயதுப் பெண்ணுக்கு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுகிறோம். பாதுகாப்புக்காம். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் ஆய்வகத்திலிருந்து விடுதிவரை விளக்கு போடலாம், இரவு வண்டி விடலாம். பூட்டுதான் மலிவு.

மலிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரிக்கு நாக் குழு வந்தபோது, இயற்பியல் துறையில் படிகங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு தோழியை வாசலில் நிறுத்தினார்கள். "நீங்க சந்தனத் தட்டு பிடிச்சா நல்லா இருக்கும் மேடம்." மூன்று நாட்கள் தட்டு பிடித்தாள். அவள் ஆய்வகத்தைக் குழுவினருக்கு விளக்கிக் காட்டியவர் அவளுக்கு இளையவரான ஓர் ஆண். வரவேற்புக் குழு, உணவுக் குழு, விடுதிக் குழு, மாணவியர் நலக் குழு, இவற்றுக்குப் பெண்கள். கொள்முதல் குழு, கட்டடக் குழு, நிதிக்குழு, இவற்றுக்கு ஆண்கள். முதல் பட்டியலில் உழைத்தால் கால் வலி வரும். இரண்டாவதில் உட்கார்ந்தால் எந்தக் கருவி எங்கே போகும் என்று முடிவு செய்யலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அழைப்பிதழில் ஆணுக்கு 'முனைவர்' போதும். பெண்ணுக்கு 'முனைவர் திருமதி'. இத்தனை வருடம் தமிழ் கற்பித்துவிட்டேன், அந்தத் 'திருமதி' ஆய்வின் எந்த இயலில் வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் தேர்வுக் குழுவில் பெண் உறுப்பினர் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார். யு.ஜி.சி. விதியைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத் திறனாளிகள், எல்லோரையும் சாய்வுக்கோடு போட்டு வரிசையாக எழுதி, இவர்கள் சார்பில் ஒரு கல்வியாளர் என்கிறது. நாட்டின் பெரும்பான்மைக்கு ஒரு நாற்காலி. மற்ற நாற்காலிகள் யாருக்கு என்று விதி எழுதவில்லை, எழுதத் தேவையில்லை. அந்த ஒரு நாற்காலியில் பெண்ணே உட்கார்ந்தாலும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிபர் என்ற பெயரில். ஜானுக்குத் தகுதி அதிகம் என்று மதிப்பெண் போட்டார்கள், சம்பளமாக 30,238 டாலர் தரலாம் என்றார்கள். ஜெனிபருக்கு 26,508. மதிப்பிட்ட பெண் பேராசிரியர்களும் இதையேதான் செய்தார்கள். ஆக, பெண்ணை உட்காரவைத்தால் முடிந்தது என்பவர்கள் பெண்ணையும் ஏமாற்றுகிறார்கள்.

பெண் என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டே போவதும் சரியில்லை. இந்திய அறிவியலில் மேலே வந்த பெண்களின் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று தெரியும். பெண் விஞ்ஞானிகளின் பிரச்சினையைப் பேச டெல்லியிலும் பெங்களூரிலும் கூடும் அரங்குகளில் சாதி என்ற சொல் தேநீர் இடைவேளையில்கூட வராது. தலித் பெண்ணுக்கு வேலை கிடைத்தால் அது ஒதுக்கீடு. கிடைத்தபின் அவளுக்கு ஆய்வகம் கிடைக்காவிட்டால் அது திறமைக் குறைவு. இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி இது. அதனால்தான் நான் கேட்கும் கணக்கு எதுவாக இருந்தாலும் பாலினத்தோடு சாதிப் பிரிவையும் சேர்த்தே கேட்கிறேன். தமிழ்நாட்டில் 1989 முதல் அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதை 40 ஆக்குவதாக 2021இல் அறிவித்தார்கள். மகப்பேறு விடுப்பு ஓராண்டு. இந்தியாவில் பல மாநிலங்கள் எட்டாத தூரம் இது; போராடி வாங்கியது. ஆனால் ஒதுக்கீடு நுழைவாயிலில் நிற்கிறது. உள்ளே போனபின் அவள் எத்தனை ஆண்டில் எந்தப் படியில் இருக்கிறாள் என்று எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை.

நுழைவாயிலுக்கு வெளியே நிற்பவர்களையும் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். விருந்தினர் விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. இங்கே 25,000. கௌரவம் பெயரில் மட்டும். கோடை விடுமுறையில் சம்பளம் இல்லை. பதவி உயர்வு என்ற சொல் அவர்கள் அகராதியில் கிடையாது.

மேலே, விருதுகள். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது 1958 முதல் தரப்பட்டுவந்தது. 1961இல் அசீமா சாட்டர்ஜி வாங்கினார், முதல் பெண். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளில் வாங்கிய பெண்களின் எண்ணிக்கை சுமார் இருபதுதான். மொத்தம் வாங்கியவர்கள் ஐந்நூற்றுக்கும் மேல். 2022க்கான பட்டியலில் 12 பேர். ஒரு பெண்கூட இல்லை. வயது வரம்பு 45ஆக இருந்தது. பிறந்த தேதியிலிருந்து எண்ணினார்கள், ஆய்வுக்குத் திரும்பிய தேதியிலிருந்து அல்ல. நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்தது அவர்கள் கணக்கில் இல்லை.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. இடைவெளி விட்ட பெண்களுக்கு உதவித்தொகை 2002–03இலிருந்து இருக்கிறது. மூன்று வருடம் பணம் வரும், வேலை வராது. முடிந்தபின் அவள் மறுபடி வீட்டில். 2020இல் 'கதி' என்ற திட்டம் வந்தது. முதற்கட்டமாக 30 நிறுவனங்கள் தங்களைத் தாங்களே ஆராய்ந்து சமத்துவச் சான்றுக்கு உழைக்கும். இங்கிலாந்தின் அதீனா ஸ்வான் என்ற ஏற்பாட்டைப் பார்த்து வந்தது. அங்கே அது 2005 முதல் இருந்தாலும், மருத்துவக் கல்லூரிகள் பரபரப்பானது 2011இல்தான். வெள்ளிச் சான்று இல்லாவிட்டால் பெரிய ஆய்வு நிதி கிடையாது என்று தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் அறிவித்தார். அதன்பிறகுதான் துறைகள் பதறிப்போய்த் தங்கள் கணக்கை எண்ணத் தொடங்கின. 2020இல் அந்தப் பிணைப்பையும் எடுத்துவிட்டார்கள். நம் திட்டத்தில் பணத்தைக் கட்டிவைக்கும் அந்தக் கயிறு தொடக்கத்திலிருந்தே இல்லை. படிவங்களை நிரப்பும் வேலை மட்டும் இருக்கிறது. அதை நிரப்பும் குழுவில் யார் இருப்பார்கள் என்று கேட்கவா வேண்டும்? அந்த உழைப்புக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கிடையாது.

சரி, கோப்புகள். 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதன் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலே நிறுவனங்கள் தாங்களாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. வெளியிடமாட்டார்கள். ஆகவே கேட்போம். பெயர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று எட்டாவது பிரிவைக் காட்டுவார்கள். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த மறைப்பை இன்னும் அகலமாக்கியிருக்கிறது. எனவே பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.

கடந்த பத்தாண்டுகளில் ஒவ்வோர் அறிவியல் துறையிலும் உதவி, இணை, பேராசிரியர் பணியிடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், தேர்வானவர்கள் எத்தனை பேர், பாலினம், சமூகப் பிரிவு வாரியாக. பதவி உயர்வுக்குத் தகுதி வந்த தேதிக்கும் ஆணை வந்த தேதிக்கும் இடைவெளி ஆண்களுக்குச் சராசரியாக எத்தனை மாதம், பெண்களுக்கு எத்தனை மாதம். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒதுக்கிய ஆய்வகப் பரப்பு எத்தனை சதுர அடி, ஆண் பெண் வாரியாக. உள்நிதி எவ்வளவு. உதவித்தொகையோடு வந்த ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர் எந்தப் பாலின நெறியாளரிடம் ஒதுக்கப்பட்டார்கள். நிதிக்குழு, கொள்முதல் குழு, கட்டடக் குழு உறுப்பினர்களில் பெண்கள் எத்தனை பேர். பெண்கள் விடுதி மூடும் நேரம் என்ன, ஆண்கள் விடுதி மூடும் நேரம் என்ன, அதற்கான ஆணையின் நகல்.

வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசமிட்டு, தபாலில் அனுப்புங்கள். அதே நிறுவனத்தில் வேலை பார்ப்பவள் என்றால் உங்கள் பெயரில் போட வேண்டாம். வேறு ஊர்த் தோழி போடட்டும், அவளுடைய நிறுவனத்துக்கு நீங்கள் போடுங்கள். முப்பது நாள் அவகாசம். பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வந்த பதிலை ஒருத்தி மட்டும் வைத்துக்கொள்ளாமல், மற்றவர்களுடையதோடு சேர்த்து ஒரே தாளில் எழுதுங்கள். ஆய்வகப் பரப்பு பதிவேட்டில் இல்லை என்று எழுதி அனுப்பினால், இஞ்சு டேப் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.